ஒன்பதாம் பிரிவும் என் இஸ்திரிப் பெட்டியும்

ஜனவரி 9

இன்று காலை நாட்டின் அரசியலமைப்பு குளித்து, தலைவாரி, இடது கால் உறையைத் தேடி வீடெங்கும் அலைந்தது. அதாவது, நான். இந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கும் ஐந்து பேரில் ஒருவன். நான் தும்மினால் அமைச்சரவைக்குச் சளி பிடிக்கும். ஆனால் உறை கிடைக்கவில்லை.

அக்கா மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, அங்கியத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

அவள் பல் டாக்டர். இந்த ஊரில் வேலை கிடைத்ததால் என்னோடு இருக்கிறாள். ஊராரை வாயைத் திறக்கச் சொல்லிப் பிழைப்பவள், வீட்டில் என்னை வாயை மூடச் சொல்லியே பொழுதைக் கழிக்கிறாள். அவள் வந்த அன்றே வீட்டுச் சட்டம் ஒன்றை இயற்றி ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். ஏழு பிரிவுகள். மூன்றாம் பிரிவு: மாமா எழுதும் அறைக்குள் மாமாவைத் தவிர எவரும், எக்காரணம் கொண்டும், நுழையலாகாது. ஐந்தாம் பிரிவு: நிலுவையில் உள்ள வழக்குகள் பற்றி இவ்வீட்டில் பேச்சே கூடாது.

ஐந்தாம் பிரிவுக்கு இனிதான் வேலை. அடுத்த வாரம் பெரிய வழக்கு வருகிறது.

ஜனவரி 14

வந்தது.

மனுதாரர் ஒரு பெண். பத்தொன்பது வயது. இந்த ஊரில் பிறந்தவள், இங்கேயே படித்தவள். அம்மா இந்த நாட்டுக் குடிமகள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அப்பா வேறு நாட்டுக்காரர். மகள் பிறக்கும் முன்பே கப்பலேறியவர், அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவு சொல்கிறது: "குடிமகனான தந்தைக்குப் பிறந்த ஒவ்வொருவரும் இந்நாட்டின் குடிமக்கள்." தாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே இந்தப் பெண் எந்த நாட்டுக்கும் சொந்தம் இல்லை. ரயில் ஓட்டுநர் பயிற்சிக்கான தேர்வில் தேறியிருக்கிறாள். குடியுரிமை இல்லாமல் சேர முடியாது.

அதே புத்தகத்தில் பத்துப் பக்கம் தள்ளிப் பதினெட்டாம் பிரிவு: "சட்டத்தின் முன் ஆணும் பெண்ணும் சமம்."

ஒரே கை எழுதிய இரண்டு வாக்கியங்கள். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன, பங்காளிகள் மாதிரி.

என் கட்சி எல்லாருக்கும் தெரிந்ததுதான். எழுதியதை வாசிப்பவன் நான், எழுதுபவன் அல்ல. எங்களை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. தேர்தலில் நின்றால் என் அக்காகூட எனக்குப் போடமாட்டாள். அப்படிப்பட்ட ஐந்து பேர் "தந்தை என்றால் தாயும்தான்" என்று இன்று சேர்த்து வாசித்தால், நாளை வரும் வேறு ஐந்து பேர் எதை எதோடு சேர்ப்பார்கள், எதை எதிலிருந்து கழிப்பார்கள்? திருத்த வேண்டுமானால் நாடாளுமன்றம் இருக்கிறது. அவ்வளவு பெரிய கட்டடத்தைச் சும்மாவா கட்டி வைத்திருக்கிறார்கள்?

என் இடப்பக்கத்தில் அமர்பவர் புயல் அம்மையார். அவருடைய கட்சி நேர் எதிர். அரசியலமைப்பு உயிருள்ளது, வளர்வது, மூச்சு விடுவது என்பார். உயிருள்ளதுதான் அம்மா, அதனால்தான் அறுவை சிகிச்சைக்கு முன் அதன் வீட்டாரைக் கேட்கச் சொல்கிறேன்.

ஜனவரி 15

வாதங்கள் நீண்டன. பெண்ணின் வழக்கறிஞர் உலகம் தோன்றியதிலிருந்து தொடங்கினார். மாலையில்தான் மனிதன் நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தான்.

மூன்றாவது வரிசையில் அந்தப் பெண்ணும் தாயும். தாய் வேன் ஓட்டும் சீருடையிலேயே வந்திருந்தார். மகள் எங்கள் ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள், எந்த நடைமேடைக்கு ரயில் வரும் என்று தெரியாதவள் போல.

ஜனவரி 23

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் வரலாறு உண்மையைக் கேட்கிறது.

காலையில் எழுதும் அறை மேசையில் துணி விரித்துச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வாக்கியம் ஒன்று தோன்றியது. அதை முணுமுணுத்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டேன். பெட்டி சட்டை மேலேயே.

தலையில் சோப்பு. வெளியே அக்கா மகள் குரல், வானிலை வாசிப்பதைப் போல நிதானமாக: "மாமா, உங்க சட்டை எரியுது."

"ஐயோ! ஸ்விட்ச அணைம்மா!"

"உள்ள போகணுமே மாமா."

"போயேன்!"

"மூணாம் பிரிவு?"

"பெண்ணே, நெருப்பு!"

"எக்காரணம் கொண்டும்னு எழுதியிருக்கு. நெருப்பும் ஒரு காரணம்தானே? ரொம்பத் தெளிவா இருக்கு மாமா. எழுதினதுக்கு மேல அர்த்தம் சேர்க்க நான் யாரு? திருத்தம் கொண்டு வாங்க, ஓடிப் போய் அணைக்கிறேன்."

துண்டோடும் சோப்போடும் ஓடினேன். நாட்டின் நீதித்துறை இந்த அளவுக்கு வேகமாக இயங்கியதை எவரும் பார்த்ததில்லை. அறை வாசலில், நிலைப்படிக்கு வெளியே கால் கட்டைவிரலைச் சரியாக நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சட்டை போயிற்று. மேசையில் படகு வடிவத்தில் ஒரு கருகல்.

"நெருப்புன்னா நுழையலாம்னு சின்னக் குழந்தைக்கும் தெரியுமே!"

"குழந்தைக்குத் தெரியும் மாமா. சட்டத்துல இல்லையே."

வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஐந்தாம் பிரிவில் அவளைப் பிடிக்கவே முடியாது. பாவி!

மூன்றாம் பிரிவை இந்த வாரமே திருத்தி எழுதுவதாக அறிவித்தேன்.

பிப்ரவரி 4

ஐவர் கூடும் அறை. வெளியாள் எவருக்கும் அனுமதி இல்லை. தேநீர்கூட நாங்களேதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஊற்றுவது கடைக்குட்டி, எங்களில் கடைசியாகப் பதவி ஏற்றவர். முதலில் பேசுவதும் அவரே. பெரியவர்கள் முந்திக்கொண்டால் சிறியவர்கள் தலையாட்டிவிடுவார்கள் என்பதற்காக அந்தக் காலத்திலேயே வைத்த வழக்கம். பிறகு பதவியேற்ற வரிசையில் மேலே ஏறி, தலைமை நீதிபதி கடைசியில் பேசுவார். நான் அவருக்கு முந்தினவன்.

கடைக்குட்டி: "தந்தைன்னா தந்தைதான். நாம மாத்த முடியாதுங்க." அடுத்தவர் அரைக்கண்ணர், எப்போதும் பாதிக் கண் மூடியிருப்பார், தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்பது நாட்டின் பெரிய ரகசியங்களில் ஒன்று. அவர்: "சேர்த்துப் படிக்கலாம்." புயல்: "சேர்த்து, இன்னைக்கே." நான்: திருத்தம் நாடாளுமன்றத்தின் வேலை. தலைவர் பெருமூச்சு விட்டார். அவரும் என் பக்கம்.

மூன்றுக்கு இரண்டு. பெண் தோற்றாள்.

தலைவருக்கு முகம் சரியில்லை. "இப்படி உடைஞ்சு நின்னா வெளியில நல்லா இருக்குமா? ஏதாவது வழி சொல்லுங்களேன்" என்று என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் அது நிகழ்ந்தது. வானம் பிளந்து ஒளி என் வழுக்கையில் விழுந்தது. சொன்னேன்: பெண் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்போம். ஒன்பதையும் பதினெட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்போம். ஆனால் அது ஓராண்டு கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் நாடாளுமன்றம் தன் சொற்களில் தானே திருத்திக்கொள்ளட்டும். நீதியும் ஆயிற்று, மரியாதையும் ஆயிற்று.

கடைக்குட்டி கைதட்டாத குறை. அரைக்கண்ணர் தலை அசைந்தது. புயல் மட்டும் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு வருஷமா? ஒரு வருஷத்துல அவங்க ஒரு நாற்காலியக்கூட நகர்த்த மாட்டாங்க."

"அவங்க பொறுப்ப அவங்களே செய்யட்டும் அம்மா."

"சரி. தோக்கறதுக்கு இது மேல்."

ஐந்துக்குப் பூஜ்யம். எழுதும் பொறுப்பு என்னிடம்.

பிப்ரவரி 20

எழுதுகிறேன். என் பேனாவிலிருந்து இன்று பிறந்த வாக்கியம்: "நாடாளுமன்றத்தின் கதவை நாங்கள் தட்டுவோம், தாழ்ப்பாளை உடைக்க மாட்டோம்." கல்லில் வெட்ட வேண்டியது. கல் கைவசம் இல்லாததால் தாளில் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 11

தீர்ப்பை வாசித்தேன். தாழ்ப்பாள் வாக்கியத்துக்கு வந்தபோது நீதிமன்றத்தில் ஈ பறக்கவில்லை. வாசல் ஊழியர் – சும்மா இருப்பவர்களையும் "அமைதி!" என்று அதட்டுவதால் அமைதி அண்ணன் என்று பெயர் – அவர்கூட அதட்ட மறந்துவிட்டார்.

மூன்றாவது வரிசையில் தாயும் மகளும் கட்டிக்கொண்டார்கள். பெண்ணின் வழக்கறிஞர் அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் முகம் மாறியது. ஏன்? வென்றாளே!

மார்ச் 12

பத்திரிகைகள் என்னைத் தூக்கிக் கொண்டாடுகின்றன. "நிதானத்தின் சிகரம்." நான்கு பிரதிகள் வாங்கினேன்.

தீர்ப்பு வந்துவிட்டதால் ஐந்தாம் பிரிவு காலாவதி. பல் டாக்டர் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு சந்தேகம். வீங்கின கன்னத்தோட ஒருத்தர் வர்றார். நான் பார்த்துட்டு, 'சொத்தைப் பல்லுதான், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி'ங்கிறேன்."

"சொல்லு."

"'ஆனா இப்பப் பிடுங்க மாட்டேன். பல்லுக்கு ஒரு வருஷம் டைம் குடுத்திருக்கேன், மரியாதையா அதுவே விழட்டும்'னு அனுப்பிடுறேன். பீஸ் வாங்கலாமா?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான்கில் ஒரு பத்திரிகையைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினாள். அந்தப் பெண்ணின் பேட்டி. ரயில்வே பயிற்சியில் சேர இருபது வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு அக்டோபரில் இருபது முடிகிறது. எங்கள் தீர்ப்பு நடைமுறைக்கு வருவது அடுத்த மார்ச்சில்.

மனுவில் இது இருந்தது. இரண்டாம் பக்கத்தில். நான் படித்தேன். ஐந்து பேரும் படித்தோம். அவளுடைய வழக்கறிஞர் ஆதிமனிதனை நிமிர்த்தி நிறுத்துவதில் மும்முரமாக இருந்ததால் அதை மறுபடி சொல்லவில்லை. நாங்கள் நாடாளுமன்றத்தின் மனம் நோகாமல் பார்ப்பதில் மும்முரமாக இருந்ததால் கேட்கவில்லை.

எல்லாருக்கும் மரியாதை கொடுத்தோம். வழக்குப் போட்டவளைத் தவிர.

மார்ச் 13

தாழ்ப்பாளாம், தாழ்ப்பாள்!

ஏப்ரல் 6

நாடாளுமன்றம் கூடியது. குடியுரிமைத் திருத்தம் நிகழ்ச்சி நிரலில் இல்லை. விடுபட்டிருக்கும். பெரிய அவை, பெரிய வேலைகள்.

ஏப்ரல் 20

இன்று தேனீ வளர்ப்பு மசோதா. ஆறு மணி நேரம் விவாதித்தார்கள். தேனீக்கு அவ்வளவு பேச இருக்கிறதா?

மே 8

ஒன்பதாம் பிரிவை ஆராயக் குழு அமைத்திருக்கிறார்கள். பார்த்தாயா, பார்த்தாயா என்று வீட்டில் குதித்தேன்.

"குழு எப்பக் கூடுதாம்?" என்றாள் அக்கா மகள்.

"தலைவர் நியமிச்ச பிறகு."

"தலைவர் எப்ப?"

"துணைக்குழு பரிந்துரைச்ச பிறகு."

"மூணாம் பிரிவுத் திருத்தம் எப்ப மாமா?"

"வரும் வரும். ஞாயித்துக்கிழமை உட்காரலாம்."

மே 27

தேனீ. மறுபடியும் தேனீ. ராணித் தேனீ யாருக்குப் பிறந்தாலும் ராணித் தேனீயாம், அவையில் சிரிப்பாம். செய்தித்தாளைக் கிழித்து எறிந்தேன். பிறகு ஒட்டினேன், பின்பக்கத்தில் குறுக்கெழுத்து இருந்தது.

ஜூலை 2

அந்தப் பெண் மறுபடி வந்திருக்கிறாள். சிறிய மனு. ஓராண்டுக் காத்திருப்பிலிருந்து தனக்கு மட்டும் விலக்கு வேண்டுமாம். இல்லாவிட்டால் வென்றும் பயன் இல்லையாம்.

நியாயம். எரிச்சலூட்டும் அளவுக்கு நியாயம்.

ஆனால்! கொடுத்த தீர்ப்பை ஆள் பார்த்து நாங்களே பிரிப்பதா? அவளைப் போல எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்? வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவர்கள்? அவளுக்கு மட்டும் விலக்கு என்றால் அது நீதியா, சலுகையா? எல்லாருக்கும் விலக்கு என்றால் நான் எழுதிய ஓராண்டு எங்கே? எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மூக்கில் என் கையே இடிக்கிறது.

ஜூலை 16

விசாரணை.

அரசு வழக்கறிஞர் எழுந்தார். மெலிந்த மனிதர், பட்டுப் போன்ற குரல். விலக்கு ஏன் கூடாது என்பதற்கு அவர் ஒரே ஒரு மேற்கோள்தான் காட்டினார். "இந்த மன்றமே அழகாகச் சொன்னது போல: நாடாளுமன்றத்தின் கதவை நாங்கள் தட்டுவோம், தாழ்ப்பாளை உடைக்க மாட்டோம்."

என்னைப் பார்த்துத் தலை வணங்கினார். நான் பெற்ற பிள்ளை என்னையே வந்து கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"கதவைத் தட்டினோமே, யாராவது திறந்தார்களா?" என்று கேட்டேன்.

"குழு அமைக்கப்பட்டுள்ளது, ஐயா."

"தலைவர்?"

"பரிசீலனையில் இருக்கிறது, ஐயா."

அப்போது மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். எங்கள் மன்றத்தில் வழக்காடுபவர் வாய் திறப்பதில்லை, வழக்கறிஞர் மட்டுமே பேச வேண்டும். தாய் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உட்காரவில்லை.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. நான் ஜெயிச்சேனா, தோத்தேனா?"

அமைதி அண்ணன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

தலைவர் மெதுவாகச் சொன்னார்: "உங்க வழக்கறிஞர் மூலமாப் பேசுங்கம்மா."

வழக்கறிஞர் எழுந்தார். இந்த முறை உலகம் தோன்றவில்லை. "அதே கேள்விதான், ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். என் பணிக்காலத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த வாதம்.

ஜூலை 18

ஐவர் அறை. கடைக்குட்டி தேநீர் ஊற்றினார். முதலில் பேசினார்.

"விலக்கு கூடாதுங்க. நீங்க எழுதின தீர்ப்ப மனப்பாடமாவே வச்சிருக்கேன். கதவைத் தட்டுவோம்..."

"போதும் போதும்" என்றேன்.

அரைக்கண்ணர் இரண்டு கண்களையும் முழுசாகத் திறந்தார். மன்ற வரலாற்றில் முதல்முறை. "நான் தூங்கலப்பா. அவ கேட்டது எனக்குக் கேட்டுச்சு. குடுக்கலாம்."

புயல்: "அவளுக்கு மட்டும் இல்ல. அவள மாதிரி இருக்கிற எல்லாருக்கும். அந்த ஒரு வருஷத்தையே தூக்கிப் போடுங்க."

என் முறை. எதிரே தலைவர். அவர் ஒரு முறை போட்ட கையெழுத்தை மாற்றியதே இல்லை. அவர் என்ன சொல்வார் என்பது தெரியும். ஆக, இரண்டுக்கு இரண்டு. நடுவில் நான்.

"எல்லாருக்கும்னா முடியாது" என்றேன். "நாம யாரு? இந்த அஞ்சு நாற்காலியும் நிரந்தரம், நாம இல்ல. நமக்கப்புறம் இங்க உட்கார்றவங்களுக்குப் பொண்ணுங்களே பிடிக்காமப் போகலாம். இன்னைக்கு நாம ஒரு சொல்லச் சேர்த்தா, நாளைக்கு அவங்க ஒரு சொல்ல எடுப்பாங்க. அந்தப் பயம் எனக்குப் போகல, போகவும் போகாது."

"அப்ப இந்தப் பொண்ணு?" என்றார் புயல்.

"இவ ஜெயிச்சவ. ஜெயிச்சவகிட்ட 'போ, அடுத்த வருஷம் வா'ன்னு சொல்றது நிதானம் இல்ல அம்மா. நாம நாடாளுமன்றத்துக்கு மரியாதை குடுத்தோம். அந்த மரியாதைய யார் பையிலேருந்து எடுத்துக் குடுத்தோம்? இவ பையிலேருந்து."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவளுக்கு மட்டும்னா, மத்தவங்க கேக்க மாட்டாங்களா?"

"கேப்பாங்க."

"அப்ப?"

"தெரியலங்க."

முப்பது வருடத் தொழிலில் அந்தச் சொல்லை அந்த அறையில் நான் சொன்னதே இல்லை.

தலைவர் எதிர்த்தார். மூன்றுக்கு இரண்டு. பெண்ணுக்கு மட்டும் விலக்கு. புயல் தன் கட்சியை விட்டு இறங்கி வந்து எங்களோடு சேர்ந்தார், பல்லைக் கடித்துக்கொண்டு. வெளியே வரும்போது என் காதில்: "இது மட்டும் சட்டம் இயற்றுறது இல்லையாக்கும்?"

பதில் யோசித்துக்கொண்டே படி இறங்கினேன். கார் வந்துவிட்டது.

ஜூலை 24

எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவில் ஒரு கலங்கரை விளக்கம், ஒரு தராசு, கரை புரளும் ஒரு நதி. அடித்தேன். இரண்டாவதில் தராசு மட்டும் திரும்பி வந்தது. அதையும் அடித்தேன்.

ஜூலை 29

ஒரே பக்கம். என் வாழ்நாளின் மிகக் குட்டையான தீர்ப்பு. கதவு இல்லை, தாழ்ப்பாள் இல்லை. "மனுதாரர் இவ்வழக்கில் வென்றவர். வென்றது அவருக்கு இன்றே கிடைக்க வேண்டும். அவரைக் குடிமகளாகப் பதிவு செய்க." இவ்வளவுதான்.

வாசித்து முடித்தபோது இன்னும் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அமைதி அண்ணன்தான் முதலில் புரிந்துகொண்டு எழுந்தார்.

தாய் அழுதார். பெண் அழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதிவு அலுவலகம் எத்தனை மணிக்கு மூடும் என்று யோசித்திருப்பாள்.

ஜூலை 30

"நீதிபதிகளின் ஆட்சி தொடங்கியது" – ஒரு பத்திரிகை. "ஒருத்திக்கு மட்டும் கிள்ளிப் போட்ட நீதி" – இன்னொன்று. மார்ச்சில் என்னைச் சிகரத்தில் ஏற்றியவர்கள் இன்று அங்கிருந்து உருட்டிவிட்டார்கள். இரண்டு பத்திரிகையும் திட்டுவதால் நான் நடுவில் நிற்கிறேன் என்று ஆறுதல் கொள்ளலாம். அல்லது இரு பக்கமும் தவறு செய்திருக்கிறேன் என்றும் கொள்ளலாம்.

அக்கா தொலைபேசியில்: "ஏண்டா, பேப்பர்ல உன்னத் திட்டியிருக்கானே, நீ என்னதான் பண்ணின?"

"ஒரு பொண்ணுக்கு அவ ஜெயிச்சதக் குடுத்தேன்க்கா."

"அதுக்கா திட்டறாங்க?"

"மத்தவங்களுக்குக் குடுக்காததுக்கும் திட்டறாங்க."

"எதையும் ஒழுங்காச் செஞ்சு முடிக்கவே மாட்டியாடா நீ?"

எனக்குத் தலைமை நீதிபதி இரண்டு பேர். ஒருவர் மன்றத்தில், ஒருவர் தொலைபேசியில்.

செப்டம்பர் 3

பயந்தது நடந்தது. மன்ற வாசலில் வரிசை. ஒவ்வொருவர் கையிலும் என் ஒரு பக்கத் தீர்ப்பின் நகல். எனக்கும் இதே வேண்டும், எனக்கும் இதே. ஒருவருக்குச் செவிலியர் தேர்வு. ஒருவருக்கு வெளிநாட்டில் சாகக் கிடக்கும் தாயைப் பார்க்கப் பாஸ்போர்ட். ஒரு கிழவருக்கு எந்த அவசரமும் இல்லை. எழுபது வயது, குடிமகனாகச் சாக வேண்டுமாம்.

யாருடைய அவசரம் பெரிய அவசரம்? நான் என்ன, தட்டில் பரிமாறுகிறவனா? நீதிபதியாக வந்தேன், வரிசை ஒழுங்குபடுத்துபவனாக ஆனேன். நான் சொல்லவில்லையா, ஒரு கல்லை உருவினால் இதுதான் நடக்கும் என்று? சொன்னேன். உருவியதும் நானே.

செப்டம்பர் 17

தேநீர் வேளையில் புயல்: "அன்னைக்கே எல்லாருக்கும் குடுத்திருந்தா இந்த வரிசை இருக்காது."

"குடுத்திருந்தா, நாளைக்கு வேற அஞ்சு பேர் வந்து பிடுங்கிடுவாங்க."

"பிடுங்கட்டும். அன்னைக்கு அவங்களோட சண்டை போடுவோம்."

"அன்னைக்கு நாம இருக்க மாட்டோம் அம்மா."

அந்தக் கிழவருக்கு நான் என்ன சொல்லப் போகிறேன் என்று திருப்பிக் கேட்டார். பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம்.

செப்டம்பர் 30

கிழவருக்குக் கொடுத்தோம். ஐந்துக்குப் பூஜ்யம். தலைவரும். ஏன் என்று அவரையே கேட்டேன். "அவர் என்னைவிட மூத்தவர்" என்றார், அது ஒரு சட்டக் காரணம் போல.

அக்டோபர் 9

ரயில் பெண் பயிற்சியில் சேர்ந்துவிட்டாளாம். அமைதி அண்ணன் எங்கேயோ விசாரித்து வந்து சொன்னார். வண்டியை அவள் கையில் இப்போதைக்குக் கொடுக்க மாட்டார்களாம். முதல் ஆறு மாதம் இன்ஜினைத் துடைக்கும் வேலை. முழங்கை வரை கிரீஸ் என்று தாய் புலம்பினாராம்.

நல்லது. துடைக்கட்டும்.

நவம்பர் 18

தேனீ வளர்ப்புச் சட்டம் இன்று ஒருமனதாக நிறைவேறியது. ஒன்பதாம் பிரிவுக் குழுவுக்குத் தலைவர் நியமிக்கப்பட்டார். உடல்நிலை காரணமாக விலகினார். இரண்டும் ஒரே வாரத்தில். நாளைய பட்டியல் முழுக்கத் தந்தை இல்லாத மனுக்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்கிறேன், முக்கியமாக இரண்டாம் பக்கத்தை.

காலையில் மனுக்கட்டும் கையுமாகச் சமையலறைக்குப் போய்விட்டேன். தேநீர் ஆறும் வரை அங்கேயே நின்று படித்தேன். நாடாளுமன்றத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எட்டு மாதம்! ஒரு வாக்கியத்தைத் திருத்த எட்டு மாதம் போதாதா? உட்கார்ந்தால் ஒரு பிற்பகல் வேலை! யாருக்கும் அக்கறை இல்லை, அதுதான் விஷயம்!

அக்கா மகள் என்னைக் கடந்து போனாள். எழுதும் அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே போனாள். ஸ்விட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. சட்டையைக் கொண்டுவந்து நாற்காலி முதுகில் மாட்டினாள். இந்த முறை கருகவில்லை. கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தேன். எவரும், எக்காரணம் கொண்டும். ஜனவரியில் இருந்தது அப்படியே இருக்கிறது.

திருத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம்.